அக்கா அனுப்பிய மாத்திரை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். வீடு இரண்டே அறை. போனில் நான் முணுமுணுத்தால்கூடக் குட்டிக்குக் கேட்கிறது. என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் நோண்டுகிறாள். அதனால் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். நீயும் கண்ணாடிக்கடை முகவரிக்கே எழுது. முதலாளி நல்ல மனுஷர், பிரித்துப் பார்க்க மாட்டார்.

குட்டிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து இருக்கிற கல்லீரல் வியாதி முற்றிவிட்டது. அவள் உடம்பே அவள் கல்லீரலை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று அப்போதே சொன்னார்களே, இனி அது மருந்துக்கு அடங்காதாம். மாற்றுக் கல்லீரல்தான் வழியாம். இறந்தவர்களிடமிருந்து எடுத்து வைக்கிற வரிசையில் பெயர் கொடுத்தாயிற்று. அது நகருகிற மாதிரியே தெரியவில்லை. உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தன்னுடையதில் ஒரு பகுதி கொடுத்தால் போதும், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்கிறார் டாக்டர்.

என் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. அவள் அப்பா இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். உன் ரத்த வகை சேரும்.

கூடப்பிறந்தவனிடம் வயிற்றைக் கீறிக் கொடு என்று எப்படிக் கேட்பது? பாரு, கேட்டுவிட்டேன். குட்டிக்கு மட்டும் தெரியவே கூடாது. போன மாதம் லேசாகப் பேச்செடுத்தேன். "மாமா வயித்தைக் கீறித்தான் நான் இருக்கணும்னா, அப்படி ஒண்ணும் நான் இருக்க வேண்டாம்மா"ன்னு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் முடிவான பிறகு அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முடியாது என்றாலும் பதில் போடு. கோபப்பட மாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னு எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், உனக்கு மட்டும் இன்னும் பன்னுதான். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"முடியாது என்றாலும் பதில் போடு" என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா? கடிதத்தைப் படித்ததும் என் வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வி, "எப்ப டெஸ்டுக்குப் போறீங்க?" மறுநாளே போனேன். ரத்தம் பொருந்துகிறது. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பாஸ்.

கல்லீரலில்தான் வந்தது வினை. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"குடிப்பீங்களா?"

"ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டர்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பேக்கரியில கேக் மாஸ்டர்."

"அதானே பார்த்தேன்."

விஷயம் இதுதான் அக்கா. என் கல்லீரலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. இதை வெட்டி வைத்தால் குட்டி உடம்பில் வேலை செய்யாது, எனக்கும் ஆபத்து. எங்கள் வேலை உனக்குத் தெரியும். ஒவ்வொரு கேக்கையும் சதுரமாக்க நாலு பக்கமும் ஓரம் வெட்டுவோம். வெட்டின ஓரம் குப்பைக்குப் போகாது, மாஸ்டர் வாய்க்குத்தான் போகும். இத்தனை வருஷத்து ஓரமும் உள்ளே போய்ப் படிந்துவிட்டது.

ஆனால் கொழுப்பு கரைகிற சாமான்தானாம். மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். உணவு ஆலோசகர் ஒரு பெண், அரைமணி நேரம் வகுப்பெடுத்தாள். கொழுப்பு அடைந்த கல்லீரல் உள்ளுக்குள் துருப்பிடிக்குமாம். காய், பழம், கீரையில் இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் அந்தத் துருவைத் தடுக்குமாம். தட்டில் பச்சை, சிவப்பு, ஊதா எல்லா நிறமும் இருக்க வேண்டும், சர்க்கரை அறவே கூடாது, காப்பி கறுப்பாக, தினமும் வேர்க்க விறுவிறுக்க நடை. என் மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்துப் பேக்கரிப் பட்டறையில், "மாஸ்டர், யாரு வீட்டுத் தோட்டத்தை மேஞ்சுட்டு வந்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

கரைத்துக் காட்டுகிறேன். குட்டியைப் பார்த்துக்கொள்.

பன்னு

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கல்லீரல் எப்படி இருக்கிறது? எடை இறங்குகிறதா? நடக்கிறாயா?

உன் கடிதத்தைக் கடையின் பின்னால் லென்ஸ் தேய்க்கிற இடத்தில் நின்று படித்தேன். அழுதேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இனி நீ எனக்குத் தம்பி இல்லைடா, சாமி.

நீ எழுதின அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரிக்கிறேன். கீரையும் பீட்ரூட்டும் தின்று தின்று எப்போது கரைவது? மூன்று மாதம்தானே இருக்கிறது. பிரேம் மாற்ற வந்த ஒரு அம்மா, தன் வீட்டுக்காரருக்கும் இதே கொழுப்பு, பச்சைத் தேயிலைச் சாற்றை வற்ற வைத்துச் செய்த மாத்திரையில் சரியாகிவிட்டது என்றார். எல்லாம் செடிதான், ரசாயனம் கிடையாது. கேட்ட அன்றைக்கே வாங்கிவிட்டேன். இரண்டு டப்பா பார்சலில் வருகிறது. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. வெறும் வயிற்றில் போட்டால் வேகமாகப் பிடிக்குமாம்.

ஒரு வேளைகூட விடக் கூடாது. என் மேல் சத்தியம்.

குட்டிக்குக் கண் லேசாக மஞ்சளடிக்கிறது. கல்லூரிக்கு வீம்பாகப் போய் வருகிறாள்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்?

டப்பா இரண்டும் வந்தன. நீ சொன்னபடியே வெறும் வயிற்றில் போடுகிறேன். சின்ன வயதில் விளக்கெண்ணெய் ஊற்ற என் மூக்கைப் பிடிப்பாயே, அந்தக் கை இவ்வளவு தூரம் நீளும் என்று நான் நினைக்கவில்லை. உன் சத்தியத்தை மீறி ஒரு வேளை மாத்திரையை விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

எடை நன்றாக இறங்குகிறது. பேன்ட் நிற்க மாட்டேன் என்கிறது, மாவுச் சாக்கு கட்டுகிற கயிறுதான் இப்போது பெல்ட். கேக் ஓரத்தை வெட்டினதும் ட்ரேயோடு தூரத் தள்ளிவிடுகிறேன். வாசனை வருகிறபோது குட்டி முகத்தை நினைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் அசதி இருக்கிறது, பசியும் அவ்வளவாக இல்லை. சாப்பாட்டைக் குறைத்தால் அப்படித்தான் இருக்கும்.

குட்டியைக் கல்லூரிக்கு அனுப்பாதே.

பன்னு

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

கல்லீரல் எப்படி இருக்கிறது? ஸ்கேன் எப்போது?

குட்டி கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் சொல்லி இல்லை, அவளால் மாடிப்படி இறங்க முடியவில்லை. வயிற்றில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்தார்கள். திரும்பவும் கோத்துக்கொள்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு. தூக்கத்தில் சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பெல்லாம் ரத்தப் புள்ளி. நேற்று என்னைப் பார்த்து, "அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"ன்னு மூன்று தடவை கேட்டாள். வியாதி மூளைக்கு ஏறுகிறது என்கிறார்கள்.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. கடையில் வாடிக்கையாளர் கண்ணை அளக்கும்போதும் இதே நினைப்புதான். ஒருவருக்கு அளவைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு டப்பா அனுப்புகிறேன். இரண்டு போடுகிற இடத்தில் மூன்றாகப் போடு. எப்படியாவது கரைத்துவிடுடா. உன் காலில் விழுகிறேன்.

அக்கா

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா?

ரிசல்ட் வந்தது. இப்போதைக்கு என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தை உங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல மாட்டார்கள், அது கொடுக்கிறவனின் சொந்த விஷயமாம். அதனால் நானே உனக்குச் சொல்கிறேன்.

நான் வாயைக் கட்டவில்லை அக்கா. கேக் ஓரம்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது, அப்புறம் கிரீமும் சேர்ந்துகொண்டது. உனக்கு எழுதினதெல்லாம் சும்மா. கொழுப்பு இறங்கவில்லை.

இன்னும் சில வாரம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். வரிசையில் அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று தினமும் போய்க் கேள்.

பன்னு

மே 26

தம்பிக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நாக்கு. ஒரு நாக்கை உன்னால் கட்ட முடியவில்லை. மூன்று மாதம். என் பிள்ளை படுத்துக்கிடக்கிறாள், நீ அங்கே நின்று கேக் தின்றிருக்கிறாய். தின்றுவிட்டு, பேன்ட் நிற்கவில்லை, கயிறு கட்டினேன் என்று எனக்குக் கதை எழுதியிருக்கிறாய். அதைப் படித்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா சாகும்போது உன் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். எதற்கு வளர்த்தேன் உன்னை?

உனக்காக வாங்கி வைத்த மூன்று டப்பா இன்னும் இங்கே இருக்கிறது. உனக்கு எதற்கு அது? கொழுப்புக் கல்லீரலுக்கே நல்லது என்றால் இவளுக்கு இன்னும் நல்லதுதானே. நாளையிலிருந்து குட்டிக்கே கொடுக்கப்போகிறேன். டாக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்பார், அவர்கள் மருந்து விற்க வேண்டாமா? இனி யாரையும் நம்பி நான் இருக்கப்போவதில்லை.

பதில் எழுதாதே.

அக்கா

ஜூன் 1

அக்கா,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது உனக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியையும் தெரிந்துகொள்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. டப்பாவைக் குட்டிக்குக் கொடுக்கப்போகிறாய் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டேன். ஓவனில் பிரெட் இருந்தது, அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்து உன் நம்பருக்குப் போன் போட்டேன். குட்டிதான் எடுத்தாள்.

"மாமா! என்ன இந்த நேரத்துல? அம்மா குளிக்கிறாங்க."

"குட்டி, அம்மா உனக்குப் புதுசா மாத்திரை ஏதாவது கொடுத்தாளா?"

"ஆமா மாமா, பச்சையா ஒண்ணு. நாலஞ்சு நாளா போடுறேன். வாந்தி வருது."

"போடாத. இனி ஒண்ணுகூடப் போடாத. டப்பாவை எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர்கிட்ட அதைக் காட்டு."

"ஏன் மாமா? என்ன ஆச்சு?"

சொல்லாமல் அவள் போக மாட்டாள் என்று தெரிந்தது. சொன்னேன். நான் கொடுப்பதற்காக டெஸ்ட் எடுத்தது, மூன்று மாதம் பத்தியம் இருந்தது, அதே மாத்திரையைப் போட்டது, எல்லாம் சொன்னேன். அப்புறம், "அப்ப அந்த மாத்திரையாலதான் உங்களுக்கு முடியாமப் போச்சா? அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா, அம்மா தாங்க மாட்டாங்க" என்றாள். உன் பிள்ளை அப்படிப்பட்டவள் அக்கா. ஆனால் நான் மறைத்ததால்தான் இன்றைக்கு அவள் வயிற்றில் அந்த மாத்திரை இருக்கிறது. இனிமேல் மறைக்க மாட்டேன்.

நான் கேக் தின்னவில்லை. ஒரு ஓரம்கூட வாயில் வைக்கவில்லை. கொழுப்பு இறங்கிவிட்டது, டாக்டரம்மா எழுந்து கை கொடுத்தார். அதற்கு அடுத்த தாளைத்தான் அப்புறம் பார்த்தார். ரத்தத்தில் கல்லீரல் அளவெல்லாம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, கல்லீரல் வீங்கியிருந்தது. "என்ன சாப்பிட்டீங்க, மறைக்காம சொல்லுங்க" என்றார். டப்பாவைக் காட்டினேன். இயற்கைதானே டாக்டர், வெறும் தேயிலைதானே என்றேன்.

"டீயா குடிச்சா அது டீ. ஒரு குடம் டீயை ஒரு மாத்திரையில அடைச்சா அது வேற. எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்களுக்கு ஆயிருக்கு."

டப்பாவில் வருகிற எதுவும் வேண்டாம், தட்டில் இருப்பது போதும் என்று அந்த ஆலோசகப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை. நீ ஆசையாக வாங்கி அனுப்பியிருக்கிறாய், அக்கா கொடுத்தது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி திட்டிக்கொண்டேதான் இருந்தாள். உன் மேல் பழி வரக்கூடாது என்றுதான் கேக் என்று எழுதினேன். அது உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லையே அக்கா.

குட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்.

பன்னு

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா? அரிக்கிறதா? மறைக்காமல் எழுது.

நான் குளித்துவிட்டு வந்தபோது குட்டி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் டப்பா. "வா போலாம்மா" என்றாள், அவ்வளவுதான். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் குடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். அவர் உடனே அவளை வார்டில் சேர்க்கச் சீட்டு எழுதினார். திட்டியிருக்கலாம்.

வயிற்று நீரில் கிருமி புகுந்திருக்கிறது. மாத்திரையாலா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஏற்கெனவே அந்த நிலைமைதான், ஆனால் இருந்த கொஞ்சநஞ்ச கல்லீரலுக்கு அது தேவையில்லாத சுமை என்றார். கொடுத்தது நான்தானே. வாயைத் திற கண்ணு, இது நல்லதுன்னு சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

உன்னை என்னென்னவோ எழுதிவிட்டேன். நீ எனக்காகத் தின்னாத கேக்கைத் தின்றேன் என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு உன்னை மன்னிக்கவும் முடியவில்லை, கும்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன், சரி, ஆனால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுச் செத்திருப்பேன்.

எப்போது சரியாகும் உனக்கு? கேட்க எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மஞ்சள் குறைந்துவிட்டது. அரிப்பு இல்லை. சத்தியமாக. என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறாள், பொய் எழுதினால் பேனாவைப் பிடுங்குவாள்.

மாத்திரையை நிறுத்தினதிலிருந்து அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. பாதிக்கு வந்துவிட்டது. முழுசாக இறங்கி, இறங்கினது அப்படியே நிற்க வேண்டுமாம். ஜூலை முடியும் என்கிறார்கள். "சீக்கிரம் பண்ண வழியே இல்லையா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "சீக்கிரம் பண்ணப் போய்த்தானே இப்படி" என்றார்.

ஜூலை வரைக்கும் அவளைப் பிடித்து வைத்துக்கொள் அக்கா. குட்டியிடம் போனில் பேசினேன். உங்க கல்லீரல் வந்தா எனக்கும் கேக் ஆசை வந்துடுமா மாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனித்தாயா? வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் அர்த்தம்.

பன்னு

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டியின் காரியம் முடிந்த கையோடு உன்னை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் வந்திருக்கக் கூடாது. நீ போ போ என்று தள்ளினாய், நானும் வந்துவிட்டேன். வந்து போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் நீ கடைக்குப் போகிறாய் என்றே தெரிகிறது.

குட்டியைத் தூக்கிப் போகும்போது எவ்வளவு லேசாக இருந்தாள். ஒரு மாவு மூட்டை கனம்கூட இல்லை. வேலை செய்கிறபோதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. மூட்டையைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஜூலைக் கடைசியில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று முன்பே குறித்திருந்தார்கள், பழக்கதோஷத்தில் போய்க் கொடுத்திருந்தேன். பேசினது புதுப்பெண், ஒன்றும் தெரியாது. "சார், எல்லாமே நார்மல். கொழுப்பும் இல்ல. நீங்க இப்ப தாராளமா கொடுக்கலாம். வாழ்த்துகள் சார்" என்றாள். நன்றிம்மா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இதை யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரியிடம் சொன்னால் அழுகிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்து நினைத்து, கடைசியில் உனக்குத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்கு இது புரியும்?

நல்ல கல்லீரல் ஒன்று என்னிடம் இருக்கிறது அக்கா. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

பன்னு

ஆகஸ்ட் 24

அன்புள்ள பன்னு,

கடிதங்கள் எல்லாம் வந்தன. பிரிக்கப் பயமாக இருந்தது, நேற்றுதான் பிரித்தேன். நான் இருக்கிறேன். சாப்பிட்டேன்.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். பத்திரமாக வைத்துக்கொள்டா. கேக் ஓரம் எதையும் தின்று கெடுத்துக்கொள்ளாதே. யார் என்ன கொடுத்தாலும், நானே கொடுத்தாலும் வாயில் போடாதே. எனக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான்.

அக்கா